தோலுக்குத் தண்ணீர் வைத்த நாட்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருந்த அறையில் என்னோடு ஒரு சிலந்தியும் குடியிருந்தது. மூலையில் நூல் கட்டித் தொங்குகிற சின்னச் சிலந்தி அல்ல. காலை விரித்தால் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை மூடிவிடும். உடம்பெல்லாம் மயிர், சாம்பல் நிறத்தில் கறுப்பு வரிகள், முன்னங்கால்களின் அடியில் மட்டும் நல்ல மஞ்சள். சிங்களத்தில் திவிமகுளுவா என்பார்கள். இப்போது அதைக் காட்டிலிருந்து பிடித்தாலே குற்றம் என்று கேள்விப்படுகிறேன். அந்த யுத்த நாளில் தமிழரான எங்களைப் பிடிப்பதற்கு வேறு எத்தனையோ காரணங்கள் கைவசம் இருந்தபடியால் சிலந்திக்காக ஒருவரும் மினக்கெடவில்லை.

அதை எனக்குத் தந்தவர் கொட்டாஞ்சேனையில் வளர்ப்பு மீன் விற்கிற ஒரு முஸ்லிம் பெரியவர்; எல்லாருக்கும் அவர் நானா. ஞாயிற்றுக்கிழமை அவருடைய கடையில் மீன் வாங்குவேன். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அது செத்துப்போகும். மறுபடி போவேன். ஆறேழு தரம் இப்படி நடந்ததும் நானாவுக்கே மனம் கேட்கவில்லை. பக்கத்துத் தச்சுப் பட்டறைக்கு வந்த பழைய கதவு நிலையின் பொந்துக்குள் கிடந்தது என்று சொல்லி, ஒரு பழைய மீன்தொட்டிக்குள் இதைக் காட்டினார்.

“மீனெல்லாம் ஒங்களுக்குச் சரிவராது தம்பி. இதக் கொண்டு போங்க. கெழமைக்கு ரெண்டு கரப்பான் போட்டாப் போதும். பேசாம ஈக்கும்.”

பேசாமல் இருக்கும் என்றாரே, அதற்காகத்தான் வாங்கினேன். ஊர் எது, எதற்கு வந்தது, எப்போது திரும்பிப் போவது என்று பஸ் தரிப்பில் நிற்பவன்கூட என்னிடம் கேட்கிற காலம் அது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் கேட்காத ஓர் உயிருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பொரளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை எனக்கு. வயது இருபத்தெட்டு, கலியாணம் இல்லை, பிறந்த இடம் யாழ்ப்பாணம். இந்த மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்திருந்தால் அவனுக்கு அறை கொடுக்கச் சொந்த ஊர்க்காரரே பின்வாங்குவார்கள். எனக்கு ஓர் அறை கிடைத்தது தெய்வாதீனம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில், புருசனும் பெண்சாதியும் மட்டும் இருந்த வீடு. அவர்களை அண்ணை, அக்கா என்று கூப்பிட்டேன். அண்ணைக்குப் புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் வேலை. ஒன்பது வருசம் பிள்ளை இல்லாமல் இருந்து, நான் போன நேரம் அக்காவுக்கு ஏழாம் மாதம்.

முன் அறை எனக்கு, சாப்பாடு அவர்களோடு. வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிந்த தாளில் என் பெயர் மூன்றாவதாக ஏறியது. அந்தத் தாள் இல்லாமல் நான் தெருவில் நடமாட முடியாது. பிடிக்கிறவன் முதலில் கேட்பது எந்த வீடு என்றுதான். அதற்கு என்னிடம் இருந்த ஒரே மறுமொழி அந்த வீடு.

தொட்டியைக் கொண்டு வந்த அன்று அக்கா அறை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

“இதையோ தம்பி வளர்க்கப் போறீர்?”

“ஓம் அக்கா. வெளியிலை வராது.”

“பெட்டிக்குள்ளை கிடக்கிற வரைக்கும் எனக்கென்ன. வெளியிலை வந்திதோ, அதுவும் இந்த வீட்டிலை இருக்காது, நீரும் இருக்கமாட்டீர்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அதை வளர்ப்பதில் ஒரு கரைச்சலும் இல்லை. தொட்டிக்குள் ஒரு மரப்பட்டையைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். பட்டைக்குப் பின்னால்தான் அதன் சீவியம். ஒரு போத்தல் மூடியில் தண்ணீர். கரப்பானுக்குக் கொழும்பில் எந்தக் காலத்திலும் தட்டுப்பாடு இல்லை. நுளம்புத்திரி மட்டும் கொளுத்தக்கூடாது, அந்தப் புகை அதற்கு நஞ்சு. அதனால் கொசுக்கடிக்குப் பயந்து நான் வலைக்குள் படுத்தேன். கம்பிவலை மூடிக்கு மேல் பாரத்துக்கு ஒரு தடித்த அகராதி. அதற்கு மேல் வெளிச்சம் படாமல் ஒரு துவாய். தொட்டி சுவரோடு ஒட்டி மேசையில் இருந்தது.

வேலையால் வந்து பார்க்கும்போது பெரும்பாலும் பட்டையின் விளிம்பில் நாலு கால்களின் நுனிதான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடற்கரை ரயில் வருவதற்கு முன்பே, எனக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே, ஒரு முன்னங்கால் மெல்ல உயரும். பிறகு போத்தல் மூடியில் தண்ணீர் நடுங்கும். பிறகுதான் ரயில். ஒழுங்கைக்குள் ஜீப் திரும்பினாலும் அந்தக் கால் உயரும். சில நாட்களில் ரயிலும் இல்லாமல் ஜீப்பும் இல்லாமல் உயர்ந்து, அப்படியே வெகுநேரம் நிற்கும். யார் வருகிறார்கள் என்று நான் யன்னலால் எட்டிப் பார்ப்பேன். ஒழுங்கையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

தோல் கழற்றுவதைப் பற்றி நானா முன்பே எச்சரித்திருந்தார். “அதுக்கு முன்னுக்குக் கெழமைக் கணக்குல தின்னாது. மல்லாக்கக் கெடக்கும். மௌத்தாப் போச்சுண்டு நெனச்சித் தொட்டுராதீங்க. கழட்டினாப் பொறவும் பத்து நாளைக்குக் கிட்டப் போகாதீங்க. ஒடம்பு பச்சையா ஈக்கும்.”

என் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கியது. அந்த வீட்டு ஹோலிலும் ஒன்று இருந்தது. கலவரத்தில் ஒருமுறை உடுத்த உடுப்போடு ஓடிய சனம் நாங்கள். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துக்கொண்டு ஓட ஒரு பை கட்டித் தயாராக இருக்கும். பிறப்பத்தாட்சி, படித்த சான்றிதழ்கள், ஒரு சாரம், ஒரு சேட். கட்டிய பையை அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தால் ஓட வேண்டி வந்துவிடும் என்று ஒரு பயம்; ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்கா மட்டும் ஒருநாள் தங்கள் பையை அவிழ்த்து நாலு குழந்தைச் சட்டைகளை உள்ளே வைத்துக் கட்டினார். அன்று பின்னேரமே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். என்னுடைய பையின் சிப் பழுது. வாயை இழுத்து ஒரு கயிற்றால் கட்டியிருந்தேன்.

பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. அக்காவின் தாயாருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வர பாஸ் கிடைக்கவில்லை. அண்ணை சமைத்தார், நான் உடுப்புத் தோய்த்தேன். முப்பத்தொரு நாள் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு. தாயும் பிள்ளையும் இருக்கிற உள்ளறைக்குள் நான் போவதற்கில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்து பார்த்தால் திரைச்சீலைக்கு அப்பால் ஏணை தெரியும். கூரை வளையில் கொளுவி, பழைய சேலையில் கட்டிய தொட்டில். பிள்ளையின் பாரத்தில் சேலையின் அடி உருண்டையாகத் தொங்கி மெல்ல ஆடும்.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், ஞாயிறு மத்தியானம், செக்கிங் வந்தார்கள். பதிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எங்களை எண்ணினார். பிள்ளையைச் சேர்த்து நாலு பேர். பிள்ளையின் பெயர் தாளில் இல்லை என்பதற்குக் கால் மணித்தியாலம் விளக்கம் சொன்னேன். என் சிங்களம் நல்லது. அந்த வீட்டில் என்னால் அவர்களுக்கு இருந்த பிரயோசனமே அதுதான். எல்லாம் கேட்டுவிட்டு அதிகாரி எங்கள் முகங்களைப் பார்த்தார்.

“மெச்சரத இன்னே?” இவ்வளவு பேர்தானா இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

இவ்வளவுதான் என்றேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தார். அலுமாரிக்குள் பார்த்தார். என் அறையில் துவாயை இழுத்து, அகராதியை எடுத்துப் பக்கங்களைத் தட்டிக் கட்டிலில் போட்டு, கம்பிவலையைத் தடியால் நெம்பினார். பட்டைக்குப் பின்னால் ஒரு கால் உயர்ந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். போகும்போது வாசலில் நின்று மறுபடி அதே கேள்வி.

அவர்கள் போனபிறகு அக்கா உள்ளறையிலிருந்தே கத்தினார். “தாளிலை இருக்குது, கண்ணுக்கு முன்னாலை நிக்கிறம், பிறகும் இவ்வளவுதானோ எண்டு கேட்டால் மனிசர் என்னத்தைச் சொல்லுறது? நாங்கள் வாயைத் திறந்து சொல்லுறதுக்கு ஒரு மதிப்பில்லையோ?”

அகராதியைத் தூக்கி மூடிக்கு மேல் வைத்து, துவாயைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் பிழை.

அந்தக் கிழமையில் அது சாப்பாட்டைத் தொடவில்லை. தோல் கழற்றப்போகிறது என்று எனக்குச் சந்தோசம். நானா சொன்னபடி கிட்டப் போகாமல் இருந்தேன். துவாயை ஓரமாகத் தூக்கிப் பார்ப்பேன். பட்டை விளிம்பில் நாலு கால் நுனிகள் இருக்கும். தண்ணீர் மாற்றுவேன். துவாயை விடுவேன். ரயில் வரும், போகும். கால் உயரவில்லை என்பதைக் கவனித்தேன். அதற்குக் களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் முழுக்க அடுத்தவன் கண்ணுக்கு வில்லை தேய்க்கிறவன் நான்.

பிள்ளையின் பதினாறாம் நாள், வேலைக்குப் போகும் முன் பட்டையை விலக்கினேன். சிலந்தி அசையாமல் இருந்தது. மேலே சுழன்ற மின்விசிறியின் காற்றுப் பட்டதும் எட்டுக் கால்களும் ஒன்றாய் நகர்ந்தன. விரலால் தொட்டேன். பாரமே இல்லை. முதுகு மூடி கழன்று பக்கத்தில் கிடந்தது. உள்ளே வெறும் கோது. மயிர், நகம், பல் எல்லாம் அப்படியே இருந்தன. ஆள் இல்லை. தொட்டியை முன்னுக்கு இழுத்தேன். சுவர்ப் பக்கம் மூடி இரண்டு விரல் அகலத்துக்கு விலகி இருந்தது.

நான் எத்தனை நாள் அந்தத் தோலுக்குத் தண்ணீர் வைத்தேன் என்று தெரியாது. பத்து நாளாகவும் இருக்கலாம்.

உள்ளறையில் பிள்ளை சிணுங்கியது. அக்கா ஏதோ சொல்லித் தாலாட்டுவது கேட்டது. இந்தச் சிலந்தி கடித்தால் பெரிய ஆளே நாள் கணக்கில் தசை பிடித்து இழுத்துப் புரளுவான் என்று நானா சொல்லியிருந்தார். பதினாறு நாள் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நான் அவரைக் கேட்டதில்லை. அந்தக் காலையே எழும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அறை போகும், அறை போனால் தாளில் பெயர் போகும், பெயர் போனால் நான் யார்? இதைத்தான் யோசித்தேன். பிள்ளையை யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்தேன், ஆனால் என்னை முதலில் யோசித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

தோலைத் திரும்ப எடுத்துப் பட்டைக்குப் பின்னால் வைத்தேன். கால் நுனிகள் முன்புபோல் வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினேன். போத்தல் மூடியில் புதுத் தண்ணீர் வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டே வைத்தேன்.

ஒருநாள் பின்னேரம் அண்ணை வந்து எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, இப்ப அசைவைக் காணேல்லை?”

“தோல் கழட்டினது அண்ணை. களைச்சுப் போச்சு.”

“பாவம்,” என்றார் அவர்.

வீடு முழுக்கத் தேடினேன், ஒருவருக்கும் தெரியாமல். குசினி அலுமாரிக்குப் பின்னால், சாமிப் படங்களுக்குப் பின்னால், செருப்புகளுக்குள், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. என் மெத்தையைப் பிரித்துத் தைத்தேன். உள்ளறைக்குள் மட்டும் போக முடியவில்லை. ஆகவே அது அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மாலையில் கரண்ட் போனால் அண்ணை மெழுகுதிரி கொளுத்தி மேசையில் வைப்பார். சாப்பிட்டுக்கொண்டு திரைச்சீலையைப் பார்ப்பேன். சுவரில் ஏணையின் நிழல் பெரிதாக ஆடும். கயிறு இருக்கிற இடத்தில் கயிற்றைவிடத் தடித்ததாக ஏதோ ஒன்று மேலிருந்து இறங்குவதுபோல இருக்கும். கண்ணைக் கசக்கிப் பார்த்தால் முடிச்சு. அடுத்த ஆட்டத்தில் முடிச்சு இருந்த இடம் மாறியிருக்கும். பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவேன். என்ன தம்பி வரவர மெலியிறீர் என்று அக்கா உள்ளே இருந்தபடியே கேட்பார்.

முப்பத்தோராம் நாள் வீடு கழுவினார்கள். வாய் அகன்ற போத்தல் ஒன்றைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு கூடவே நின்றேன். கட்டில், பெட்டி, பாய் எல்லாம் வெளியே வந்தன. ஒன்றும் ஓடவில்லை. ஐயர் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். பகலில் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அன்றிலிருந்து ஏணையை ஹோலில் கட்டினார்கள். என் அறை வாசலிலிருந்து எட்டு அடி.

முப்பத்தேழாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், பிள்ளை வீறிட்டது. பசிக்கு அழுகிற அழுகை அல்ல. அக்கா குசினியில் நின்றார். நான் முதலில் ஓடினேன். ஏணையைப் பிரித்துப் பிள்ளையை இழுத்தெடுத்தேன். சேலையை உதறினேன். சட்டையைக் கழற்றினேன்.

“சிலந்தி அக்கா. சிலந்தி கடிச்சிட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.”

அக்கா பிள்ளையை என்னிடமிருந்து பறித்தார். தொடை மடிப்பில் ஒரு சிவந்த புள்ளி. அதிலேயே ஒரு கட்டெறும்பு இன்னும் கவ்விக்கொண்டு நின்றது. அவர் அதை நசுக்கினார். பிள்ளை விக்கி விக்கி அடங்கியது.

“என்ன சிலந்தி?” என்று கேட்டார்.

நான் என் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் பிள்ளையோடு என் அறைக்குள் போனார். அதுவரை அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. துவாயை இழுத்தார். பட்டையைத் தள்ளினார். தோல் புரண்டு கோது மேலே தெரிந்தது. அருகில் அன்று காலை வைத்த தண்ணீர்.

“எத்தினை நாள்?”

“தெரிஞ்சு இருபத்தொரு நாள் அக்கா.”

“இருபத்தொரு நாள் என்ரை பிள்ளையின்ரை காலடியிலை இருந்துகொண்டு நான் போட்ட சோத்தைத் திண்டிருக்கிறாய்.”

சத்தம் போடவில்லை. இவ்வளவு நாளும் என்னை நீர் என்று கூப்பிட்டவர் இப்போது நீ என்றார். எனக்கு அது காணும்.

திங்கட்கிழமை அண்ணை என்னைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் என் பெயரை வெட்டுவித்தார். நல்ல மனிசன், வழியில் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். “அவ ஒன்பது வருசம் தவமிருந்தவ தம்பி,” என்று மட்டும் சொன்னார். ஒரு பெட்டி, ஆணியில் தொங்கிய பை, இவ்வளவோடும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மீன்கடைக்கு மேலே ஓர் அறை வெறுமையாய்க் கிடந்தது. நானா ஏன் என்று கேட்கவில்லை.

அங்கே பதிவதற்குப் பிறப்பத்தாட்சி வேண்டும். அதற்காகப் பையின் கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே வெள்ளையாக, மெல்லிசாக, சீலை விரித்ததுபோல் வலை. சான்றிதழ்க் கோப்புக்கும் மடித்த சாரத்துக்கும் நடுவில் அது இருந்தது. புதுத்தோல், புது மஞ்சள். ஒரு முன்னங்காலை மெல்ல உயர்த்தியது.

மெத்தையைப் பிரித்தவன் நான். அந்தப் பையை மட்டும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கக்கூடாதது என்று அந்தப் பக்கமே நினைவு போகவில்லை. என் அறையை விட்டு அது வெளியே போகவே இல்லை. நான் தலை வைத்துப் படுத்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில், அந்த வீட்டில் பயந்து ஓடுகிறவன் முதலில் கைவைக்கும் இடத்திலேயே அதுவும் இருந்திருக்கிறது.

நானா எட்டிப் பார்த்தார். “ஓடல்ல தம்பி. ஒளிச்சி ஈந்திக்கி.”

எனக்கு அழுகை வந்தது. பிள்ளைக்கு ஒருநாளும் ஒரு ஆபத்தும் இருந்ததில்லை. இதை அக்காவுக்குச் சொன்னால் போதும், மன்னிக்காவிட்டாலும் நிம்மதியாகப் படுப்பார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு சிலந்தியைப் போத்தலில் விட்டு, மூடியில் துளையிட்டு, பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். உடனே கையில் தந்துவிட்டான்.

வெள்ளவத்தை வீட்டுக் கேற்றில் அண்ணை வந்து நின்றார். முகத்தில் நாலு நாள் தாடி. அவருக்குப் பின்னால் ஹோல் தெரிந்தது. சுவர்களில் ஒரு படம் இல்லை. அலுமாரி, கதிரை எல்லாம் இழுத்து நடுவில் குவித்திருந்தது. யன்னல் இடுக்குகளில் துணி அடைத்திருந்தது. வளையில் ஏணை இல்லை.

“அவ பிள்ளையைக் கீழை வைக்கிறேல்லை,” என்றார். “நித்திரையிலையும் மடியிலைதான். மாறி மாறி வைச்சிருக்கிறம்.”

அக்கா தோளில் பிள்ளையோடு வந்தார். கண்கள் குழி விழுந்திருந்தன. நான் போத்தலை உயர்த்தி, பைக்குள் இருந்ததை, பையை அவிழ்த்ததை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேற்றுக் கம்பிக்குள்ளால் கையை விட்டுப் போத்தலை நகத்தால் தட்டினார். உயிரோடு இருக்கிறதா, இதுவும் தோலா என்று பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. உள்ளே ஒரு கால் உயர்ந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அந்த வாசலிலேயே முன்பு கண்டிருக்கிறேன்.

“இவ்வளவுதானோ?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா. ஒண்டுதான். சத்தியமாய் வேறை இல்லை.”

“அது நீங்கள் சொல்லுறது,” என்றார், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல.

அண்ணை கேற்றைப் பூட்டினார். நான் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தேன்.